ஆலைகளைப் படமெடுக்கப் பழகும் குழந்தைகள்: வகை சேர்ப்பதா, ஒரே கட்டடத்தில் நிற்பதா?

பழைய ஆலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் படமெடுக்கக் குழந்தைகளைப் பழக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒரே வகைக் கட்டுமானத்தைப் பல இடங்களில் தேடி, ஒரே முறையில் எடுத்துச் சேர்ப்பது ஒன்று; ஒரே கட்டடத்தில் தங்கி அதன் பகுதிகளைக் கூர்ந்து பார்ப்பது மற்றொன்று.

முதல் வழிக்கு முன்னோடிகள், 1959இல் இணைந்து பணியாற்றத் தொடங்கிய ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் இணையர் பெர்ன்ட் பெஹரும் ஹில்லா பெஹரும். உயர்நிலை நீர்த்தொட்டிகளையும் இரும்புத் தாதுவை உருக்கும் ஊது உலைகளையும் மேகமூட்டமான வானின் சீரான ஒளியில் நேரெதிரே நின்று எடுத்து, கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டினார்கள். எதையும் சேர்த்து வைக்க விரும்பும் குழந்தை மனத்துக்கு இது எளிதில் பிடித்துவிடும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் உயரமான இடத்தில் ஏறி நின்று எடுத்தார்கள். குழந்தையோ தாழ்ந்த கண்மட்டத்திலிருந்து கைபேசியை மேல்நோக்கிச் சாய்க்கிறது. உடனே நிமிர்கோடுகள் மேலே குவிந்து, கோபுரம் பின்னால் சாய்வதாகத் தெரிகிறது. ஒவ்வொரு படத்திலும் சாய்வு வேறுபட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. வெகுதூரம் பின்வாங்கி எடுத்தால் இது சரியாகும், இடம் இருந்தால்.

இரண்டாம் வழியில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ரிவெட் ஆணிகளின் வரிசை, காலடிகளால் தேய்ந்த படிகள், அடுக்கடுக்கான துரு என எல்லாமே குழந்தையின் உயரத்திலேயே இருக்கின்றன. ரம்பப்பல் வடிவக் கூரையின் கண்ணாடிகள் ஏன் ஒரே திசையை நோக்குகின்றன என்று அது கேட்கும். நேர்வெயில் விழாத சீரான ஒளி வேலைசெய்பவருக்குத் தேவைப்பட்டது என்பதை அறிந்த பிறகு, அக்குழந்தை ஒளியைத் தேடியே படமெடுக்கும். நான் இவ்வழியை முதலில் வைப்பதற்கு இதுவே காரணம். கிட்டத்தில் நின்று எடுத்த படங்கள் குவிந்து முழுக் கட்டடமே காணாமல் போவது இதன் குறை. அந்த இடத்தைப் பார்த்திராத ஒருவருக்குப் புரியும்படி பத்துப் படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தச் சொன்னால் அக்குறை தானே வெளிப்படும்.

கருவியைப் பொறுத்தவரை கைபேசியே போதும். பிலிம் கேமராவில் எடுத்ததைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் சிறு குழந்தை தான் செய்ததையே மறந்துவிடும்.

இடத்தைப் பற்றி மட்டும் எனக்கு இருவேறு கருத்தில்லை. கைவிடப்பட்ட கட்டடங்கள் எவ்வளவு ஈர்த்தாலும், உளுத்த தளம், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு, ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கிடையே குழந்தையை அழைத்துச் செல்லக்கூடாது. காப்பாற்றப்பட்ட ஆலைகள் இருக்கின்றன. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985இல் நிறுத்தப்பட்ட இரும்பாலை பின்னர் பூங்காவாக மாற்றப்பட்டது; அங்கே ஊது உலை ஒன்றின் மீது பார்வையாளர்கள் படியேறலாம். இத்தகைய இடத்தில் பாதி உயரத்தில் நின்று எதிரேயுள்ள புகைபோக்கிகளைச் சாய்வின்றி எடுக்க முடிவதால், வகை சேர்க்கும் முதல் வழியையும் அங்கேயே தொடங்கிவிடலாம்.