“ஓவர்கிளாக் பண்ணியா? அப்போ எல்லாம் போச்சு” என்று கடையில் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கணினி வைத்திருக்கும் பிள்ளைகளும், அதற்குப் பணம் கட்டும் அப்பா அம்மாக்களும் இதைப் படிக்க வேண்டும். டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் என் தம்பி 1,150 வெள்ளி (ரிங்கிட்) ஏமாந்திருக்கிறான். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

தம்பி கல்யாண வீடியோ எடிட் செய்பவன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். அந்தச் சம்பளத்தோடு இவன் வருமானமும் சேர்ந்தால்தான் வீட்டுக் கடனைக் கட்ட முடியும். கணினியில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்ற கிராபிக்ஸ் கார்டு, திரையில் படத்தைக் காட்டுவதும் வீடியோ வேலைக்கு உதவுவதும் அதுதான். ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை, சீக்கிரம் முடியட்டும் என்று ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை வைத்து கார்டின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியிருந்தான். இதைத்தான் ஓவர்கிளாக் என்பார்கள். ஒரு ராத்திரி வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிட்டது. சுவிட்சை எத்தனை தடவை அழுத்தியும் விசிறி அசையவில்லை.

மறுநாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா என்ன பண்ணிக்கிட்டு இருந்தே தம்பி?” இவன் மறைக்காமல் சொன்னான். உடனே அவர், “ஓவர்கிளாக்கா? அப்போ கார்டு கருகிப் போச்சு. மதர்போர்டையும் சேர்த்து அடிச்சிருக்கும். இதுக்கெல்லாம் வாரண்டி கிடைக்காது” என்றார். அதுவரை கேஸின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது மூலை கருகிய ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். “பார்த்தியா, இதுதான் உன்னோடது.” தம்பி அதைக் கைப்பேசியில் படம் பிடித்தான். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டதற்கு, “ஸ்கிராப்புக்குப் போறது, உனக்கு எதுக்கு?” என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதே மாடல் கார்டு 700 வெள்ளி, அதே மாடல் போர்டு 350, கூலி 100. ரசீதில் ‘ரிப்பேர் பிசி’ என்று ஒரே வரி.

கணினி ஓடியது. கொஞ்ச நாள்தான். பெரிய ரெண்டர் ஒன்றைப் போட்டதும் முன்பு மாதிரியே பட்டென்று அணைந்தது. இந்த முறை தம்பி ஓவர்கிளாக் எதுவும் செய்திருக்கவில்லை.

ஈப்போவில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணன் கணினி வேலை செய்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். பிளக்கைச் செருகி சுவிட்சை அழுத்தினார், ஓடியது. பிறகு கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் ஒரு சோதனையை ஓடவிட்டு, மின்சாரத்தை அளக்கும் மல்ட்டிமீட்டரை வைத்து, பவர் சப்ளை (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தரும் 12 வோல்ட் லைனைப் பார்த்தார். அது 5 விழுக்காடுதான் ஏறி இறங்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. போனது, அதோடு கணினியும் அணைந்தது. தன்னிடம் இருந்த வேறொரு பவர் சப்ளையை மாட்டி அதே சோதனையை ஓட்டினார். ஒரு பிரச்சினையும் இல்லை. பழுது பவர் சப்ளையில். கேஸோடு வந்த மலிவான பெட்டி அது, பல வருஷமாக உழைத்தது.

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பவர் சப்ளைக்குள் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. சுமை தாங்காவிட்டால் அது தன்னை அணைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துக் கொஞ்ச நேரம் விடும்வரை பல பெட்டிகள் மறுபடி எழாது. பிளக்கைப் பிடுங்கி, காரில் ஏற்றி, டவுன் போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே சரியாகியிருக்கும். கடைக்காரர் செருகிய முதல் தடவையே கணினி ஓடியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஓவர்கிளாக்கைப் பற்றியும் சொல்கிறேன், இந்தச் சொல்லை வைத்துத்தான் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். மென்பொருளில் ஏற்றிய வேகம் கார்டுக்குள் பதிவாகாது. விண்டோஸ் தொடங்கி அந்த மென்பொருள் ஓடினால்தான் அது வேலை செய்யும். அளவு மீறினால் திரை உறையும், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் நின்றுபோகும், கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். விசிறியே சுற்றாத கணினிக்கு மென்பொருளில் ஏற்றிய அந்த வேகத்தைக் காரணம் காட்டுவது சரியில்லை. கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளையே மாற்றி எழுதியிருந்தால் கதை வேறு, தம்பி அதைத் தொடவில்லை. 1660 சூப்பர் இழுப்பது 125 வாட் அளவு. வேகத்தை ஏற்றினால் இன்னும் கொஞ்சம் கூடும், தளர்ந்துபோன பவர் சப்ளைக்கு அந்தக் கொஞ்சமே அதிகம்.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதலில் பின்பக்க சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். எழவில்லையென்றால் மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்து, திரையின் வயரை மதர்போர்டிலேயே செருகிப் பாருங்கள். (கணினியின் இன்டெல் பிராசசர் சிப்பின் பெயர் எஃப் என்று முடிந்தால் படம் வராது, ஆனால் விசிறி சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும்.) நண்பனின் பவர் சப்ளையைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

இனிதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். போர்டை மாற்றினால் விண்டோஸ் பெரும்பாலும் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். தம்பியின் கணினி கேட்கவே இல்லை. ஈப்போ அண்ணனுக்கு அதிலேயே சந்தேகம். “வீட்டுல பெட்டி இருக்கா தம்பி? சீரியல் நம்பரைப் பாரு” என்றார். அம்மா அலமாரி மேல் பத்திரமாக வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் இறக்கினோம். கார்டின் நம்பரும் போர்டின் நம்பரும் பெட்டியில் இருந்தபடியே இருந்தன. தூசி தட்டித் துடைத்த தன் சொந்தக் கார்டையும் போர்டையும் என் தம்பி 1,150 வெள்ளி கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறான். கருகிய கார்டு யாருடையதோ.

கடைக்குப் போய்க் கேட்டோம். “உண்மையைச் சொன்ன பையனை இப்படிச் செய்யலாமாண்ணே?” என்றுதான் நான் கேட்டேன். “ரசீதுல கார்டு, போர்டுன்னு எங்கே எழுதியிருக்கு?” என்று பதில் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், மாற்றிய ஒவ்வொரு பொருளும் சீரியல் நம்பரோடு ரசீதில் இருக்க வேண்டும். கணினியைக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் எல்லா ஸ்டிக்கரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொருளைத் தராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்னும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டோம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பெட்டிகள், ஒரு வரி ரசீது, ஈப்போ அண்ணன் எழுதிக் கொடுத்த சோதனை விவரம் எல்லாம் தயாராக இருக்கின்றன. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.

தம்பி எடுத்த அந்தக் கருகிய கார்டின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். இரட்டை விசிறி, வலது மூலையில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. இதே கார்டைக் காட்டி “உன்னோடது” என்று உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், விசாரணைக்கு முன் எனக்கு எழுதுங்கள்.