மூன்று சிகரம் ஒரே நாளில்: காசு கட்டும் முன் வண்டி ஓட்டுவது யார் என்று கேளுங்கள்

பிரிட்டனில் கோடை வந்தாலே ஆபீஸ், கோயில், தமிழ்ச் சங்கம் என்று ஏதாவது ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் (1345 மீட்டர்), இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் (978), வேல்ஸின் ஸ்னோடன் (1085), மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 3000 மீட்டரைத் தாண்டும், நடை சுமார் 37 கிலோமீட்டர். நல்ல விஷயம்தான், போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடாத கணக்கு ஒன்று உண்டு: மலைக்கும் மலைக்கும் நடுவே சாலையில் மொத்தம் 462 மைல். ராத்திரியும் சேர்த்து பத்து மணி நேர ஓட்டம். எங்களைக் கூட்டிப்போன நிறுவனம் ஏமாற்றியது அதில்தான்.

தலைக்கு முந்நூறு பவுண்டுக்கு மேல் வாங்கினார்கள். சொன்னது என்ன? சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டி, நாங்கள் மலையில் இருக்கும்போது தூங்கிக்கொள்ளும் தனி டிரைவர், சூடான சாப்பாடு. பென் நெவிஸ் அடிவார ஊரான ஃபோர்ட் வில்லியமில் வந்து இறங்கியது ஒரே ஒரு ஆள். டிரைவர் எங்கே என்றால் நான்தான் என்கிறார், வழிகாட்டியும் அவரேதான். அன்று காலைதான் கிளாஸ்கோவிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சூடான சாப்பாடு என்பது கப் நூடுல்ஸும் ஒரு கெட்டிலும். கெட்டிலைச் செருக வண்டியில் பிளக் இல்லை.

பென் நெவிஸ் உச்சியில் மேகம் மூடியிருந்தது. அந்த உச்சி ஒரு பெரிய கல் மைதானம், வடக்கே செங்குத்தான பள்ளங்கள் விளிம்பு வரை வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மேகத்தில் இறங்குபவர்கள் உச்சித் தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், அப்புறம் 282 டிகிரி என்று திசைகாட்டி பார்த்து நடப்பார்கள். அந்த மலைக்குப் போகிறவர்களுக்கு இது பாலபாடம். எங்கள் ஆளிடம் இருந்தது போன் மட்டும். அதைத் தூக்கிப் பிடித்து அவர் ஒரு வட்டம் சுற்றினார், திரையில் அம்புக்குறியும் கூடவே சுற்றியது. நல்லவேளை, உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தோம்.

இதையாவது மன்னிக்கலாம். அப்புறம் வண்டியில் நடந்ததை முடியாது. முன் சீட்டில் நான் இருந்தேன். எம்6 சாலையின் ஓரக்கோட்டில் டயர் ஏறினால் டர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும், டிரைவரை எழுப்பத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம் வந்தபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவார், கண்ணாடியை இறக்குவார், கன்னத்தில் தட்டிக்கொள்வார், கொஞ்ச நேரத்தில் தலை மறுபடி முன்னால் சாயும். பின்சீட்டிலிருந்து கோவென்ட்ரி அண்ணன் ஒருவர், "தம்பி, அந்த ஆளோட பேசிக்கிட்டே வா, விட்டுடாதே" என்றார். நானும் கால்பந்து, மழை, அவர் பிள்ளைகள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன்.

நடுராத்திரி தாண்டி, ஸ்காஃபெல் பைக் ஏறத் தொடங்கும் வாஸ்டேல் ஹெட். "பாதை தெளிவாத்தான் இருக்கும், நீங்களே போயிட்டு வாங்க, நான் படுக்கிறேன்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு சீட்டைச் சாய்த்துவிட்டார். அவர் தூங்கியதில் எனக்குக் கோபமில்லை, அந்த ராத்திரியில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். ஒரு ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிக்க ஒருவரை அப்படி அனுப்பி வைத்த முதலாளி மேல்தான் கோபம். வழிகாட்டி இல்லாமல் நெற்றி விளக்கோடு போனோம். லிங்மெல் கில் ஓடையில் மழைத் தண்ணீர் ஏறி, கால் வைத்துத் தாண்ட வேண்டிய கற்களே தெரியவில்லை. திரும்பிவிட்டோம். அந்தச் சிகரம் அதோடு போச்சு.

ஸ்னோடனில் வேறு கூத்து. ஏற்றம் தொடங்கும் பென்-ஒய்-பாஸில் வண்டி நிறுத்த முன்பதிவு வேண்டும், அதையும் செய்யவில்லை. பக்கத்து ஊரான நான்ட் பெரிஸில் இறக்கிவிட்டு பஸ் பிடித்துப் போகச் சொன்னார். ஏறி இறங்கினோம், 24 மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

பணத்தைக் கேட்டால் "வானிலை காரணமாகத் திட்டம் மாறலாம்" என்ற நிபந்தனையைக் காட்டுகிறார்கள். டிரைவர் ஒருவர் குறைந்ததற்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தமோ! எங்கள் கூட்டத்தில் கிரெடிட் கார்டில் கட்டிய அக்கா ஒருவருக்கு மட்டும் கார்டு நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ செக்‌ஷன் 75 என்ற சட்டப்பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் தள்ளுபடி என்று இவர்கள் ஏன் ஆசை காட்டினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

வேறு யாரிடம் போனாலும் சரி, மலையில் கூட்டத்தை வழிநடத்துவதற்கான மவுண்டன் லீடர் சான்றிதழ் உள்ளவர் யார், தனி டிரைவர் யார், நாம் நடக்கும்போது அவர் எங்கே தூங்குவார் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாக, வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார் கொடுத்திருக்கிறோம். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. மூன்று சிகரப் பயணத்துக்கு யாரிடமாவது ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், தனி டிரைவரைப் பற்றி இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.