கவாசாகி நிஞ்ஜா 1100எஸ்எக்ஸ்: தேனி - போடிமெட்டு - மூணாறு சாலையில் ஓட்டிப் பார்த்ததில்

விவரப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு நெடும்பயணத்துக்கான (டூரர்) இந்த பைக் முன்னேறவில்லை, பின்வாங்கியிருக்கிறது என்றுதான் தோன்றும். பழைய நிஞ்ஜா 1000எஸ்எக்ஸில் 1,043 சிசி. 10,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 142 பிஎஸ் பவர். புதிய 1100எஸ்எக்ஸில் 1,099 சிசி. 9,000 ஆர்பிஎம்மில் 136 பிஎஸ். சிசி ஏறியிருக்கிறது, பவர் ஆறு பிஎஸ் இறங்கியிருக்கிறது. 13.49 லட்சம் ஷோரூம் விலையில் 2024 டிசம்பரில் இங்கே வந்தபோது பலரும் முகம் சுளித்தது இதற்காகத்தான்.

ஆனால் போடியிலிருந்து மலையேறுகிறவருக்கு 10,000 ஆர்பிஎம் எதற்கு? அந்தச் சாலையில் இன்ஜின் பெரும்பாலும் 1,500-க்கும் 5,000-க்கும் நடுவில்தான் சுற்றும். கவாசாகி கை வைத்திருப்பதும் அங்கேதான். சிலிண்டரின் போர் (விட்டம்) அதே 77 மி.மீ.; ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) மட்டும் 56-லிருந்து 59 மி.மீ. ஆகியிருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேமின் வடிவத்தை மிதமாக்கியிருக்கிறார்கள், இன்ஜின் சுழற்சியைச் சீராக்கும் ஃப்ளைவீலின் எடையைக் கூட்டியிருக்கிறார்கள். டார்க் (சுழற்று விசை) 111-லிருந்து 113 என்எம் ஆனது பெரிய விஷயமில்லை. அது 8,000-க்குப் பதிலாக 7,600 ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதும், அதற்குக் கீழே இழுவை முழுக்கத் தடித்திருப்பதும்தான் விஷயம். கனத்த ஃப்ளைவீல் இருப்பதால், த்ராட்டிலைச் சட்டென்று மூடினாலும் இன்ஜின் வேகம் தடாலென்று விழுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் பாதியில் பைக் இருமி நிற்கும் பயம் பெருமளவு போய்விட்டது.

முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். நமக்கு இடப்பக்கம்தான் ஓட்டுமுறை என்பதால் ஏறும்போது இடது வளைவு உள்வட்டம்: குறுகல், செங்குத்து, உட்புறச் சரிவு எல்லாம் ஒரே இடத்தில். அங்கே வேகம் மணிக்கு 20, 25 கிலோமீட்டர்தான் வரும். இரண்டாம் கியரில் அந்த வேகத்துக்கு இன்ஜின் சுமார் 1,500 முதல் 1,900 ஆர்பிஎம்மில் இருக்கும். பழைய வண்டியில் அங்கே முதல் கியருக்கு இறங்குவதா, கிளட்சை நழுவவிட்டு இழுப்பதா என்று யோசிக்க வேண்டும். முதல் கியர் போட்டால் த்ராட்டில் கூர்மையாகி பைக் துள்ளும். இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜின் திணறித் தட்டும். புதியதில் இரண்டாம் கியரே போதும். கிளட்ச் லீவரில் இரண்டு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, த்ராட்டிலைச் சீராகத் திறந்து வந்தால் தடங்கல் இல்லாமல் சுற்றி எழுந்துவிடுகிறது.

குவிக்‌ஷிஃப்டரின் மாற்றமும் இதோடு சேர்ந்ததுதான். கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் இது முன்பு 2,500 ஆர்பிஎம்முக்கு மேல்தான் வேலை செய்தது. இப்போது 1,500-லிருந்தே ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. இருந்தாலும் இரண்டிலிருந்து முதலுக்கு இறங்கும்போது கிளட்சைப் பிடிப்பதே நல்லது. அந்த இரண்டு கியருக்கும் நடுவே இடைவெளி பெரிது. கியர் இறக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தாலும் பின்சக்கரம் ஒரு குலுக்கு குலுக்கும். வண்டி சாய்ந்திருக்கும்போது அந்தக் குலுக்கல் வேண்டாம்.

நிற்க வேண்டி வந்தால் வளைவுக்குள் நிற்காதீர்கள். சீட் உயரம் 835 மி.மீ., எடை 238 கிலோ. இடது வளைவில் இடப்பக்கத் தரை தாழ்ந்திருக்கும். ஐந்தரை அடி உயரக்காரருக்கு அந்தப் பக்கம் கால் எட்டாது. வலது காலை ஊன்றினால் பின் பிரேக் போய்விடும். சரிவில் வண்டி உருளாமல் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதி இதில் இல்லை. எதிரே பஸ் இறங்குவது தெரிந்தால் வளைவுக்கு முந்தைய நேர்சாலையிலேயே ஓரம்கட்டி, அது திரும்பி முடிக்கும்வரை பொறுங்கள். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது. பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவைப்படும் இடத்தில் விதியை நம்பிப் புண்ணியமில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் காலையில் மேலேயும் மாலையில் கீழேயும் கூட்டமாக வரும். அந்த நேரங்களைத் தவிர்த்தாலே பாதி நிம்மதி.

மலைக்கு வருவதற்கு முன் காற்றைச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆண்டிபட்டி, தேனி, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் காற்றாலைகள் சுழலும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 238 கிலோ பைக்கும் ஒரு முழம் தள்ளிப் போகத்தான் செய்கிறது. பெட்டி மாட்டாத வண்டி இதில் கெட்டி. முன்பக்க மூடுகவசமான ஃபேரிங் காற்றைப் பிளக்கிறது, நீண்ட நேர்சாலையில் முன்பக்கம் உதறுவதில்லை. ஒவ்வொன்றும் 28 லிட்டர் கொள்ளும் இரண்டு பேனியர் (பக்கவாட்டு) பெட்டிகளையும் மாட்டினால் கதை மாறும். பக்கக் காற்று பின்புறத்தைத் தள்ளும், அதனால் ஹேண்டில்பார் தானாகத் திரும்புவதுபோல் இருக்கும். பயந்து இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. தொடையால் டேங்கைப் பற்றிக்கொண்டு கையைத் தளர விடுங்கள். விண்ட்ஷீல்டுக்கு நாலு நிலை. நின்றுதான் மாற்ற வேண்டும். உச்சியில் வைத்தால் தலைக்கவசத்தைச் சுற்றிக் காற்று உருட்டும். காற்று நாளில் இரண்டாம் நிலையே நல்லது. வேகத்தைத் தானாக நிலையாக வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைத் திண்டுக்கல் - குமுளி சாலையின் அகலமான பகுதியில் போட்டுப் பார்க்கலாம். ஆட்டுமந்தை குறுக்கே வரும் இடத்தில் வேண்டாம்.

ஐந்தாம், ஆறாம் கியர்களை நீட்டியிருக்கிறார்கள். நூறில் போனால் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மை ஒட்டியே இருக்கிறது. கைப்பிடியிலும் ஃபுட்பெக்கிலும் வரும் அதிர்வு பழையதைவிடக் குறைவு.

சூட்டில் மட்டும் முன்னேற்றம் இல்லை. தேனி பஸ் ஸ்டாண்டு சுற்றில் ஒரு மணி மதியத்தில் சிக்கினால் ஃபேன் ஓடும். அந்த அனல் ஃபேரிங் இடுக்கு வழியாக வலது, இடது முழங்காலுக்குக் கீழே நேராக அடிக்கும். ஆயிரம் சிசி நாலு சிலிண்டருக்கு இது இயல்புதான். ஜீன்ஸ் மட்டும் போட்டு வருபவர்கள் திட்டுவார்கள். போடியைத் தாண்டி இருநூறு மீட்டர் உயரம் ஏறியதும் மறந்தும் போவார்கள்.

கேரள எல்லைக்குள் போனதும் ஒரு வேடிக்கை. அங்கே 2023 ஜூலையிலிருந்து இருசக்கர வாகனங்களுக்கு உச்சவேகம் 60 கிலோமீட்டர். கேமராக்கள் அதிகம், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 136 பிஎஸ் வண்டியை அறுபதில் ஓட்டுவது வீண் என்று நினைக்கலாம். ஆனால் அறுபதில் ஆறாம் கியரில் சுமார் 2,350 ஆர்பிஎம்மில் இது உறுமாமல், திணறாமல் ஓடுகிறது. பூப்பாறையிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் பெரியகானல் போகும் நீண்ட வளைவுகளில் கியரைத் தொடவே தேவையில்லை. பழையதைவிட இது நல்ல டூரர் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மூணாறுக்கு முன் வரும் கேப் ரோட்டில் மழைக்காலத்தில் மண் சரியும், பாறை உருளும், போக்குவரத்தை நிறுத்துவார்கள். கிளம்புமுன் விசாரிப்பது அவசியம். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் மட்டும் போதும். மோடை மழைக்கான ரெயினுக்கு மாற்றுங்கள். பவர் குறைந்து, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அதிகத் தலையீட்டுக்குப் போகும். வெயில் அடித்ததும் ரோடு மோடுக்குத் திரும்பிவிடுங்கள். காய்ந்த சாலையில் ரெயின் மோடில் ஓவர்டேக் செய்யப் போனால் வண்டி வராது, எதிரே ஜீப் வரும். ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் இருட்டிய பிறகு போகாமலிருப்பது நல்லது. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023-ல் அங்கிருந்து பிடித்து மாற்றினார்கள். மற்ற யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

இறக்கத்தில் பிரேக் பற்றி. முன்னால் 300 மி.மீ. இரட்டை டிஸ்க், பின் டிஸ்க் 250-லிருந்து 260 மி.மீ. ஆகியிருக்கிறது. பத்து மி.மீ. சொற்பம்தான், ஆனால் பெட்டியும் பில்லியனும் (பின்னால் உட்காருபவர்) ஏறிய வண்டியை மலையிறக்கத்தில் பின் பிரேக்கால் நிலைநிறுத்தும்போது அதன் பயன் தெரிகிறது. அதற்காகப் போடிமெட்டிலிருந்து முந்தல்வரை பெடலை மிதித்தபடியே வரக்கூடாது. பேட் சூடேறினால் பிடிப்பு மங்கும், திரவம் கொதித்தால் பெடல் பஞ்சாகும். இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கிங்கையே வேலை செய்ய விட்டு, வளைவுக்கு முன் முன்பிரேக்கால் வேகத்தை அறுத்து, விட்டு, மறுபடி பிடிப்பதே முறை. வெளிநாட்டில் பிரெம்போ பிரேக்கும் ஓலின்ஸ் ஷாக்கும் வைத்த எஸ்இ வகை உண்டு. இங்கே அறிமுகமானது சாதாரண வகைதான். தெருவில் ஓட்டுபவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

சஸ்பென்ஷனில் நேரம் செலவழியுங்கள், இதில் அலட்சியம் செய்தால் மற்றதெல்லாம் வீண். முன் ஃபோர்க் 41 மி.மீ., அமுங்கும் தூரம் 120 மி.மீ.; பின்னால் 144 மி.மீ. ரைடர் உட்கார்ந்த நிலையில் முன்னால் 30 - 35, பின்னால் 35 - 40 மி.மீ. அமுங்கினால் சரி. ஒருவர் நிமிர்ந்து பிடிக்க, ஒருவர் உட்கார, ஒருவர் டேப்பால் அளக்க ஐந்து நிமிட வேலை. பின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கம்) மாற்ற ஸ்பேனர் வேண்டாம், பக்கத்தில் திருகு குமிழ் இருக்கிறது. பில்லியன் ஏறினால் அதைத் திருகிக் கூட்டத் தவறாதீர்கள். தவறினால் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரத்தின் பிடி குறைந்து, வளைவில் வண்டி வெளிப்பக்கமாக ஓடும். கூடவே அடிப்பகுதி ஸ்பீடு பிரேக்கரில் உரசும். தரை இடைவெளி 140 மி.மீ.-கூட இல்லை. மூணாறு சுற்றுவட்டாரத்து ஊர்களில் பெயின்ட் அடிக்காத உயரமான ஸ்பீடு பிரேக்கர்களுக்குப் பஞ்சமில்லை; இரண்டு பேர் இருந்தால் குறுக்குச்சாய்வாக ஏற்றி இறக்குங்கள்.

டயர் பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் எஸ்23. பிடிப்பு அபாரம், ஆனால் இது விளையாட்டுப் பக்கம் சாய்ந்த டயர். சமவெளியில் நேர்சாலை ஓட்டினால் பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகும். பிறகு கொண்டை ஊசியில் சாய்க்கும்போது அந்த விளிம்பில் வண்டி சட்டென்று விழுவதுபோல் இருக்கும். மாற்றும்போது மிச்லின் ரோட் 6, பேட்லாக்ஸ் டி32 போன்ற டூரிங் டயருக்குப் போங்கள்; பின்னால் 190/50 அளவு கிடைக்கும். காற்று முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. இதைக் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும். மலையேறி சூடான டயரில் அளந்து காற்றைக் குறைப்பது வழக்கமான தவறு.

19 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் வைத்தால் முந்நூறு தாண்டும். இருநூற்று எண்பதில் நிரப்புங்கள். பெட்ரோல் கேரளத்தில் தமிழ்நாட்டைவிட விலை கூட என்பதால் போடியிலேயே நிரப்பிவிட்டு ஏறுவது எல்லைப்புறத்து ஆட்களின் பழைய வழக்கம். அது இந்த வண்டிக்கும் பொருந்தும்.

இனிப் பணம். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ்ஸோடு 31. அதனால் பழைய ஷோரூம் விலையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள், புதிய கொட்டேஷன் வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம். கேரளத்தில் அதைவிட அதிகம். பேனியர் பெட்டிகளும் அவற்றை மாட்டும் தாங்கிகளும் தனிக்காசு. கூடவே பேரம் பேசுங்கள்.

பழைய 1000எஸ்எக்ஸ் நல்ல நிலையில் வைத்திருப்பவர் இதற்கு மாற அவசரமில்லை. டயரும் சஸ்பென்ஷன் சர்வீசும் செய்தாலே பாதி வித்தியாசம் வந்துவிடும். புதிதாக வாங்குகிறவர் கவாசாகியின் வெர்சிஸ் 1100-ஐ ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. அதே இன்ஜின், 135 பிஎஸ், 21 லிட்டர் டேங்க், நீளமான சஸ்பென்ஷன். 2025 பிப்ரவரியில் 12.90 லட்சத்துக்கு வந்தது, எஸ்எக்ஸைவிட விலையும் குறைவு. பூப்பாறைக்கு அப்பால் உடைந்த எஸ்டேட் ரோட்டில் போகும் பழக்கமுள்ளவருக்கு அதுதான் வண்டி. நல்ல தார்ச்சாலையில் வளைவுகளை அனுபவித்து ஓட்டும் ஒருவருக்கு எஸ்எக்ஸ்.

வாங்கினால் செயினை மட்டும் மறக்காதீர்கள். 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்ப்ரே. மழையில் கேப் ரோடு போய்வந்தால் அன்று மாலையே. செம்மண் சேறு செயினிலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கைச் சுற்றிக் காய்ந்தால் அது உராய்ந்து செயினைத் தின்றுவிடும். துடைத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கழுவி, காய்ந்த பிறகு சூடான செயினில் உட்பக்கமாக அடியுங்கள். தளர்ச்சி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கிறது.