குளுவாங் ஈரத்தில் கோல்ஃப் மட்டைகள்: என் வீட்டுப் பராமரிப்பு அனுபவம்

கோல்ஃப் மட்டையைக் கழுவுவது பெரிய வேலை இல்லை. காய வைப்பதுதான் வேலை. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் பல வருஷமாக ஒரே செட்டை வைத்து ஆடிவருபவன் என்ற முறையில் என் முடிவு இதுதான். யூடியூபில் பராமரிப்பு வீடியோ போடுகிறவர்களில் பலர் குளிர்நாட்டுக்காரர்கள். சோப்புத் தண்ணீரில் முக்கி, ஒரு துடை துடைத்து, பையில் சொருகிவிட்டு முடித்துவிடுகிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் அடுத்த ஆட்டத்துக்குள் பையில் பூஞ்சை வாடை அடித்துவிடும்.

என்னுடையது செகண்ட் ஹேண்ட் செட். வார்ப்பு ஸ்டெயின்லெஸ் தலை போட்ட அயர்ன் மட்டைகள், கிட்டத்து அடிக்கு குரோம் பூசிய ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) வெட்ஜ் இரண்டு, தூர அடிக்குக் கிராஃபைட் தண்டு போட்ட டிரைவர் மட்டை, பந்தைக் குழிக்குள் உருட்டிவிடப் பழைய பித்தளைப் பட்டர் ஒன்று. ஆடுவது செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒன்பது குழி மைதானத்தில். மேலே அகல இலை மாட்டுப்புல், கீழே செம்மண். மழை விட்டதும் இறங்கி ஒரு அடி அடித்தால் அயர்ன் முகம் முழுக்கச் சேறும் புல் சாறும் அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த மண் செங்கல்லாக இறுகிவிடும். தோட்டத்தில் கேடி வேலை (ஆடுபவரின் பை தூக்கும் வேலை) பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை; மட்டை கைக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, அப்புறம்தான் பைக்குள். பாதிப் பராமரிப்பு அந்த ஒரு இழுப்பில் முடிந்துவிடுகிறது.

மட்டை முகத்தில் குறுக்கே ஓடும் குரூவ்கள் என்ற பள்ளக்கோடுகள்தான் பந்தைச் சுழற்றுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் வேலை, புல்லின் ஈரமும் மண்ணும் ஒதுங்க இடம் கொடுப்பது. ஒதுங்கினால்தான் பந்தும் இரும்பும் பிடிப்போடு மோதும். அடைத்துக்கொண்டால் பந்து வழுக்கிக் கிளம்பும். சுழற்சி குறைந்து, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற குட்டைப் புல்தரையில் விழுந்தும் நிற்காமல் ஓடும். வெட்ஜில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இதற்காகக் குரூவைக் கூராக்கும் சின்ன உளி ஒன்றை ஆன்லைனில் விற்கிறார்கள். வேண்டாம் என்பேன். விதிப்படி குரூவின் ஆழம் 0.508 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஓரம் எவ்வளவு கூராக இருக்கலாம் என்பதற்கும் 2010இல் கட்டுப்பாடு வந்தது. கையால் சுரண்டுகிறவருக்கு இந்த அளவெல்லாம் எங்கே பிடிபடும்? போட்டிக்குப் போகாதவருக்கு விதி ஒரு பொருட்டில்லை என்றாலும், உளி பட்ட இடத்தில் குரோம் பூச்சு போய்விடும். துரு அங்கேதான் தொடங்கும்.

கழுவ நான் வைத்திருப்பது பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ், ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். கோல்ஃப் கடை பாட்டில்களில் வரும் 'கிளப் கிளீனர்' ஒன்றையும் தீரும்வரை உபயோகித்தேன். வாசனை நன்றாக இருந்தது, வேறு வித்தியாசம் தெரியவில்லை. பித்தளைக் கம்பி பிரஷை அயர்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டிரைவரின் பெயின்ட் கீறிவிடும். அயர்னைக்கூட முழுசாக முக்கக் கூடாது. தலையும் தண்டும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்கட்டும். தலையைப் பிடித்து வைத்திருக்கும் எபாக்சி பசை அந்த இடத்தில்தான் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீர் அதற்கு ஆகாது. டிரைவருக்கு வாளியே வேண்டாம், ஈரத்துணி போதும்.

வாசலில் இப்படி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது, "என்னா அங்கிள், மட்டைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறீங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்காத வாரமில்லை.

இனிதான் முக்கியமான கட்டம். உலர்ந்த துணியால் துடைத்த பிறகும் மட்டைகளை நான் பையில் போடுவதில்லை. நிழலில் சாய்த்து, மேசைக் காற்றாடியைத் திருப்பிவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். மழையில் நனைந்த நாளானால் தலை மேலே, பிடி கீழே. கிரிப்பின் (பிடியில் போட்ட ரப்பர் உறையின்) அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாக ஸ்டீல் தண்டுக்குள் தண்ணீர் போனால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துருப்பிடிக்கும். பிடியைக் கீழே வைத்தால் போன வழியே இறங்கிவிடும். பையின் ஜிப் எல்லாம் திறந்திருக்க வேண்டும், தலை உறைகள் தனியாகக் கொடியில் காய வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கும்போது இதைத் தள்ளிப்போடவே முடியாது.

அலமாரிக்கு வாங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைச் சிலர் பைக்குள்ளேயே வைக்கிறார்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு உப்பு. டப்பா சாய்ந்து அந்த உப்புத் தண்ணீர் இரும்பில் பட்டால், வந்த ஈரத்தைவிட மோசமாக அரிக்கும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். டப்பா அறையின் மூலையில் இருக்கட்டும்.

துரு வந்துவிட்டால் வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தால் லேசான துரு போய்விடும். அதிக நேரம் விட்டால் குரோமையும் அது தொடும். அமிலத்தைச் சோப்புப் போட்டு முழுக்க அலசிவிட வேண்டும். பித்தளைப் பட்டருக்கு, வீட்டில் குத்துவிளக்கு துலக்கும் புளியே போதும். வெட்ஜில் டபிள்யூடி-40 ஸ்ப்ரே எண்ணெயைச் சிறிது துணியில் எடுத்துத் தடவி, ஆடும் முன் துடைத்துவிடுவேன்.

ஆனால் அந்த எண்ணெய் கிரிப் பக்கம் போகவே கூடாது. பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ரப்பரையும் பெட்ரோலிய எண்ணெயையும் பற்றிச் சொல்ல வேண்டுமா என்ன, ஊறி, பிசுபிசுத்து, நைந்துபோகும். (ரப்பருக்கு முன்னால், 1848 முதல் அரை நூற்றாண்டுக்கு கோல்ஃப் பந்து செய்ததே நம் தீபகற்பத்துக் காடுகளிலும் விளைந்த கட்டாபெர்ச்சா மரப்பாலில்தான். பந்துக்கான பால் நம் பக்கத்தில், ஆட்டம் ஸ்காட்லாந்தில்.) கிரிப்பைச் சோப்புத் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்தால் வியர்வைப் பிசுக்கு போய் மறுபடி பிடிப்பு வரும். அப்படியும் வழுக்கினால் அது செத்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பழையதைக் கொக்கி பிளேடால் கிழித்தெடுக்க வேண்டும். நேர் பிளேடு கிராஃபைட் இழையை வெட்டிவிடும். பழைய டேப்பைச் சுரண்டி, இருபக்கம் ஒட்டும் டேப்பைச் சுற்றி, நுனியைத் தண்டின் வாய்க்குள் மடித்துவிடுங்கள். புது கிரிப்பின் ஓட்டையை டீயால் (பந்தை நிறுத்திவைக்கும் குச்சியால்) அடைத்து, உள்ளே டர்ப்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, மீதியை டேப்பின் மேல் வழியவிட்டு, ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். நடுவில் யோசித்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் போதாதா என்று கேட்பார்கள். அது சீக்கிரம் ஆவியாகாது, கிரிப் நாள்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். தின்னர் கிராஃபைட்டின் பெயின்டைத் தின்றுவிடும்.

கடைசியாக கார் பூட், அதாவது காரின் பின்பக்கச் சாமான் பெட்டி. பட்டறையில் மட்டைத் தலையைக் கழற்றுவதே சூடு காட்டித்தான்; அந்தப் பசையைத் தினமும் வெயிலில் நிற்கும் காருக்குள் வேகவைத்தால் தலை கிடுகிடுக்க ஆரம்பிக்கலாம். ஆட்டம் முடிந்த அன்றே பையை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரம்மா முணுமுணுத்தால், வரவேற்பறையில் வைக்காமல் பின்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.