கிராண்ட் நேஷனலா, கோல்டு கப்பா? ஒரே லாயத்தில் நின்ற இரண்டு குதிரைகள் சொல்லும் பதில்

ஸ்காட்லாந்தின் வடக்கு மூலையில், சதர்லாந்து பகுதியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலைகள் உண்டு. ஒன்று ஆர்க்கிள், இன்னொன்று ஃபோய்னாவன். வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி ஆன் தன்னுடைய இரண்டு குதிரைகளுக்கு அந்த மலைகளின் பெயர்களைத்தான் வைத்தார். இரண்டும் அயர்லாந்தில் டாம் ட்ரீப்பர் என்ற பயிற்சியாளரின் லாயத்தில் ஒன்றாகத் தீனி தின்றவை. ஆர்க்கிள் 1964, 65, 66 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செல்டன்ஹாம் கோல்டு கப்பை வென்றது. ஃபோய்னாவனோ தேறாது என்று கைமாற்றிவிடப்பட்டு, 1967 இல் வேறு லாயத்திலிருந்து வந்து கிராண்ட் நேஷனலை வென்றது. தடை தாண்டும் ஓட்டங்களில் பிரிட்டனின் பெரிய பந்தயங்கள் இந்த இரண்டும்தான். இவற்றில் எது உயர்ந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் இந்தக் குதிரைகள்தான் நினைவுக்கு வரும்.

முதலில் அடிப்படைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கிராண்ட் நேஷனல் லிவர்பூலை ஒட்டிய எயின்ட்ரீயில், ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கும். அதிகாரபூர்வமான முதல் ஓட்டம் 1839 இல். வென்ற குதிரையின் பெயரே லாட்டரி. அன்றைக்கு ஓடைக்குள் விழுந்த கேப்டன் பெக்கரின் பெயர்தான் இன்றுவரை அந்தத் தடைக்கு, 'பெக்கர்ஸ் புரூக்' என்று. தூரம் 4 மைலுக்கு மேல், தடைகள் 30. கோல்டு கப் செல்டன்ஹாமில், மார்ச் மாதம். தடை தாண்டும் ஓட்டமாக 1924 இல்தான் தொடங்கியது. தூரம் 3 மைலுக்குச் சற்று மேல், தடைகள் 22.

ஆனால் தூரமும் தடையும் அல்ல பெரிய வித்தியாசம். உண்மையான வித்தியாசம் சேணத்துக்கு அடியில் இருக்கிறது.

கோல்டு கப்பில் ஏறக்குறைய எல்லாக் குதிரைக்கும் ஒரே சுமை: 11 ஸ்டோன் 10 பவுண்டு (ஒரு ஸ்டோன் என்பது 14 பவுண்டு எடை), நம் கணக்கில் சுமார் 74 கிலோ. பெண் குதிரைக்கு 7 பவுண்டு சலுகை. எது சிறந்த குதிரையோ அது ஜெயிக்கட்டும் என்பதுதான் இதன் நியாயம். நேஷனல் ஹேண்டிகேப் ஓட்டம். குதிரை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சுமை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து எடை போதவில்லை என்றால், சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகிவிடுவார்கள். நல்ல குதிரையைக் கொஞ்சம் அழுத்தி, சுமாரான குதிரையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, எல்லாரையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்க்கும் ஏற்பாடு இது.

அந்த ஈயத்தின் கனம் என்ன செய்யும் என்று 1973 நேஷனலில் பார்க்கலாம். ஆஸ்திரேலியக் குதிரை கிரிஸ்ப் 12 ஸ்டோனைச் சுமந்தது. ரெட் ரம்முக்கு 10 ஸ்டோன் 5 பவுண்டு. வித்தியாசம் 23 பவுண்டு, அதாவது பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சிறிய அரிசி மூட்டையை முதுகில் கூடுதலாகக் கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி. கிரிஸ்ப் ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டது, இரண்டாவது சுற்றில் அது தனியாகவே ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் தடையையும் தாண்டியாயிற்று. எயின்ட்ரீயில் அதற்குப் பிறகும் 494 கெஜம் ஓட வேண்டும். அங்கேதான் கால்கள் தள்ளாட ஆரம்பித்தன. ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் சாட்டையை எடுத்ததும் குதிரை இடப்பக்கமாகச் சாய்ந்தது. பின்னாலிருந்து ரெட் ரம் வந்துகொண்டே இருந்தது. எல்லைக்கோட்டுக்குச் சில அடிகளே இருக்கும்போது முந்தியது. முக்கால் குதிரை நீளத்தில் வெற்றி. அன்று இரண்டு குதிரைகளுமே அதுவரை இருந்த சாதனை நேரத்தைப் பதினெட்டு நொடிக்கு மேல் முறியடித்தன. கிரிஸ்ப் தோற்ற அந்த ஓட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ரெட் ரம் ஏதோ அதிர்ஷ்டத்தில் ஜெயித்தது என்று சொல்லவும் வழியில்லை. 1974 இல் அதுவே 12 ஸ்டோன் சுமந்து வென்றது, 1977 இல் மூன்றாம் முறையும் வென்றது. அதன் உடல் புதைக்கப்பட்டிருப்பதும் எயின்ட்ரீ எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான்.

சரி, பணம் கட்டுகிறவருக்கு எது ஈர்ப்பு?

இங்கே நேஷனல்தான் மறுபேச்சில்லாமல் முன்னால் நிற்கிறது. வருஷம் முழுக்கக் குதிரை பக்கமே திரும்பாத பிரிட்டிஷ்காரர்கள்கூட அந்த ஒரு சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு, மூன்று பவுண்டு கட்டுவார்கள். காரணம், பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் 'ஒன்றுக்கு இத்தனை' என்று தரும் விலை. ஒன்றுக்கு நூறு என்ற விலையில் நேஷனலை வென்ற குதிரைகள் ஐந்து: 1928, 1929, 1947, 1967, 2009. கோல்டு கப் வரலாற்றில் அப்படி நடந்தது ஒரே ஒரு முறை, 1990 இல். பசுமாடு கறந்து பிழைத்த வேல்ஸ் விவசாயி சிரல் கிரிஃபித்ஸின் குதிரை நார்ட்டன்ஸ் காயின் அது. மற்றபடி அங்கே பேவரிட்டின், அதாவது வெல்லும் என்று அதிகம் பேர் நம்பும் குதிரையின், விலை சுருங்கியே இருக்கும். 1966 இல் ஆர்க்கிளின் விலை பத்துக்கு ஒன்று. அதாவது பத்து பவுண்டு கட்டினால் ஒரு பவுண்டு லாபம்.

'ஈச் வே' என்ற முறையில் கட்டிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். பாதிப் பணம் வெற்றிக்கு, பாதிப் பணம் முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. பதினாறு குதிரைகளோ அதற்கு மேலோ ஓடும் ஹேண்டிகேப்பில் முதல் நான்கு இடங்களுக்கு விலையில் கால் பங்கு கொடுப்பது வழக்கம். நேஷனலுக்குப் பல புக்கிகள் அதற்கு மேலும் தருவார்கள். ஒன்றுக்கு நாற்பது விலையுள்ள குதிரைமேல் ஐந்தும் ஐந்தும் பத்து பவுண்டு கட்டுகிறீர்கள், அது நான்காவதாக வருகிறது. கைக்கு 55 பவுண்டு வரும். கோல்டு கப்பில் எட்டுக் குதிரையோ அதற்கு மேலோ ஓடினால் மூன்று இடம், விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றுக்கு நான்கு விலையுள்ள குதிரை மூன்றாவதாக வந்தால் திரும்பக் கிடைப்பது 9 பவுண்டு. குதிரை நன்றாகத்தான் ஓடியது, ஆனால் நீங்கள் ஒரு பவுண்டு நஷ்டத்தில் இருப்பீர்கள்.

ஆனால் விலை பெரியது என்பதாலேயே நேஷனலில் பணம் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. நாற்பது குதிரை ஓடிய காலத்தில் பாதிக்கு மேல் முடிக்காமலே போன ஆண்டுகள் பல. 1928 இல் முழு ஓட்டத்தையும் முடித்தவை இரண்டே குதிரைகள். அந்த ஆபத்துக்குக் குதிரைகள் உயிரையே கொடுத்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு இந்தப் பந்தயத்தின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2013 இல் தடைகளின் உள்ளே இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2024 முதல் ஓடும் குதிரைகள் அதிகபட்சம் 34 தான். பழைய ரசிகர்கள் சிலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. அந்த ஆண்டு பேவரிட்டுகளில் ஒன்றான ஐ ஆம் மேக்ஸிமஸ் வென்றது, அடுத்த ஆண்டே ஒன்றுக்கு 33 விலையில் நிக் ராக்கெட் வென்றது. சுவாரசியம் எங்கேயும் போய்விடவில்லை.

இரண்டையும் வென்ற குதிரைகள் இரண்டே இரண்டு. லெஸ்கார்கோ 1970, 71 இல் கோல்டு கப்பும் 1975 இல் நேஷனலும் வென்றது. கோல்டன் மில்லர் 1934 இல் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றது, வேறு எதுவும் அதைச் செய்ததில்லை. மறு ஆண்டு அதன்மேல் பணம் கொட்டி, விலை ஒன்றுக்கு இரண்டு வரை இறங்கியது. நடுவழியிலேயே அது ஜாக்கியை உதறிவிட்டது.

குதிரையின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நான் செல்டன்ஹாமைத்தான் சொல்வேன். வருஷத்துக்கு ஒரே ஒரு முறை, போனால் போகிறது என்று விடக்கூடிய பணத்தைக் கட்டப்போகிறீர்கள் என்றால் எயின்ட்ரீ. ஆர்க்கிளின் சொந்தக்காரர் கடைசிவரை அதை நேஷனலில் ஓட விடவில்லை. ஃபோய்னாவன் ஓடியது. 23 ஆவது தடையில், ஜாக்கி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை குறுக்கே பாய்ந்து, முன்னால் போன கூட்டம் முழுக்க ஒன்றின்மேல் ஒன்று மோதி நின்றது. வெகு பின்னால் வந்த ஃபோய்னாவனுக்கு நிலைமையைப் பார்க்க நேரம் இருந்தது. ஜாக்கி ஜான் பக்கிங்ஹாம் ஒரு சிறு இடைவெளியைக் கண்டுபிடித்துத் தாண்டினார். மற்றவர்கள் குதிரையைத் திருப்பி மறுபடி ஓட்டுவதற்குள் அது எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விட்டது. ஒன்றுக்கு நூறு என்று புக்கிகள் கொடுத்த குதிரைக்கு, கட்டியவர்களின் பணத்தையெல்லாம் சேர்த்து வென்றவர்களுக்குப் பங்கிடும் 'டோட்' கவுண்டரில் ஒன்றுக்கு 444 கிடைத்தது. அந்தத் தடைக்கும் இன்று அதன் பெயர்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே குதிரை கோல்டு கப்பிலும் ஓடியிருந்தது. அங்கே அதன் விலை ஒன்றுக்கு ஐந்நூறு.