மூன்று வருஷமாக முட்டிக்குச் சின்சே வைத்தியம்: ஊசியில் குறையில்லை, அந்தப் பொடிதான் பிரச்சினை

எங்கள் புளோக் ஏழாவது மாடி அக்கா நேற்று லிஃப்டில் கேட்டார். "முட்டிக்குச் சின்சேயிடம் போகிறாயே, பத்து தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் இப்போது விலை குறைவாம், கட்டலாமா?" சின்சே என்றால் சீன வைத்தியர், என் முட்டிக்கு அக்குபங்சர் ஊசி குத்துகிறவர். ஏழு மாடி ஏறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், அக்காவும் படிப்பார்.

எனக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம், பிரஷருக்கு தினமும் மாத்திரை. இங்கே சிங்கப்பூரில் 2000-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பதிவு இல்லாமல் யாரும் சீன வைத்தியம் பார்க்க முடியாது, அதனால் போலி வைத்தியர் பயம் எனக்கு இருந்ததில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முட்டிச் சில்லுக்குக் கீழே நாலு விரல் அகலம், அங்கிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம், அதை ஸூ சான் லி என்பார்கள். 'கால், மூன்று லி' என்று அர்த்தம். லி என்பது தூரக் கணக்கு, அந்த இடத்தைத் தூண்டினால் சோர்ந்த கால் இன்னும் மூன்று லி நடக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே ஊசி உள்ளே போகும்போது வலியே இல்லை. அப்புறம் சின்சே அம்மா மெல்லத் திருகி, "சுவான்? சுவான்?" என்று கேட்பார். புளிக்கிறதா என்று அர்த்தமாம். முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கால் எப்படிப் புளிக்கும்? மூன்றாவது தடவை ஆழத்தில் கனமாக, இழுத்துக்கொண்டு, கணுக்கால் வரை ஒன்று இறங்கியது. இதைத்தான் கேட்டிருக்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது சூடு. ஆய் என்ற செடியின் காய்ந்த இலையைப் பஞ்சு மாதிரி இடித்து, சுருட்டு போல உருட்டி வைத்திருப்பார்கள். நம் மரிக்கொழுந்து வகையறாதான். அதில் ஒரு துண்டை வெட்டி ஊசியின் தலையில் செருகிப் பற்றவைத்து, சாம்பல் தோலில் விழாமல் இருக்கக் கீழே ஒரு அட்டையை நுழைத்துவிடுவார்கள். இருபது நிமிஷம் அந்த வெப்பம் எலும்புக்குள் இறங்குவது போல இருக்கும், மழைக்காலத்தில் அதற்கு இணையே கிடையாது. அன்றைக்கும் அடுத்த நாலைந்து நாளும் மார்க்கெட் பையோடு படி இறங்கலாம். அதன் பிறகு வலி திரும்பிவிடும். மூன்று வருஷமாக இதே கணக்குத்தான்.

சரி, இப்போது பொடி. இரண்டாம் வருஷம் நாக்கையும் நாடியையும் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பலவீனம், எலும்புக்கு அதுதான் பொறுப்பு என்று சொல்லி, பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன். பொட்டலத்தில் எல்லாம் சீன எழுத்து. இரண்டு மாதத்தில் வீட்டு மெஷினில் 130 காட்டிய பிரஷர் 150-க்கு மேல் போனது. பாலிகிளினிக்கில், அதாவது அரசாங்க மருந்தகத்தில், ரத்தம் எடுத்தார்கள், பொட்டாசியம் குறைவு. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, பொடி என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் படித்துச் சொன்னார். து ஹுவோ ஜி ஷெங் தாங், ஏழாம் நூற்றாண்டில் சுன் ஸுமியாவ் எழுதிவைத்த பதினைந்து சரக்கு மருந்து, இடுப்புக்கும் முட்டிக்கும் பேர்போனது. அதில் நம் நாயுருவியின் இனம் ஒன்று இருக்கிறது, இலவங்கப்பட்டை வகை இருக்கிறது, அதிமதுரமும் இருக்கிறது.

அதிமதுரம்! தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இது ரகசியமே இல்லை. அந்தப் பொட்டலத்தில் இருந்த கொஞ்சம்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நிறுத்திய ஒரு மாதத்தில் பழைய அளவுக்கு வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு வார்த்தை, "இதில் அதிமதுரம் இருக்கிறது" என்று ஒரு சொல், வாயால் சொல்லியிருக்கலாமே? திரும்பப் போய்க் கேட்டதற்குக் கவுன்டரில் இருந்த பெண் "எல்லாம் மூலிகைதான் ஆன்ட்டி" என்றாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதே மருந்தில் தாங் குவே என்ற சீன வேரும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

ஊசி விஷயத்தில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. முட்டித் தேய்மானத்துக்கு ஊசி வேண்டாம் என்கிறது, எந்த வைத்தியம் தரலாம் என்று டாக்டர்களுக்குச் சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டி. அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் 2019-ல் பார்க்கலாம் என்று அரைமனதாகச் சொன்னார்கள், ஆனால் தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியை அழுத்தமாகவே பரிந்துரைத்தார்கள். அதைப் படித்த பிறகு காலையில் கீழே ஆன்ட்டிமார்களோடு நானும் செய்கிறேன், ஐந்து மாதம் ஆகிறது. படியில் கைப்பிடியை இப்போது தேடுவதில்லை. அது இதனாலா, ஊசியாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி இல்லை.

பேக்கேஜ் கட்டாதீர்கள் அக்கா. பத்து தடவைக்கு முன்பணம் வாங்கியவர்களிடம் பொடி வேண்டாம் என்று சொல்ல நாக்கு வராது, நான் பட்டிருக்கிறேன். பணம்தான் யோசனை என்றால் இங்கேயே தோங் சாய் என்ற சீன வைத்திய நிலையம் இருக்கிறது, 1867-லிருந்து இனம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் செய்கிற இடம்.

எனக்கு சனிக்கிழமை பத்து மணிக்கு முறை இருக்கிறது, ஊசியும் சூடும் மட்டும். வருவதாக இருந்தால் ஒன்பதரைக்கு லிஃப்ட் பக்கம் நில்லுங்கள். மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.