தினசரி மெக்னீசியம்: ஆக்சைடா, சிட்ரேட்டா, கிளைசினேட்டா?

மெக்னீசியம் மாத்திரை வாங்கலாம் என்று தேடினால் ஏழெட்டு உப்புகளின் (மெக்னீசியம் வேறொன்றோடு சேர்ந்த வடிவங்களின்) பெயர்கள் வந்து நிற்கும். தினமும் எடுப்பதற்கு என்று பார்த்தால் போட்டி மூன்றுக்குள்தான்: ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட். கடைசியாகச் சொன்னதைச் சில லேபிள்களில் பிஸ்கிளைசினேட் என்று போட்டிருப்பார்கள். நான் எடுப்பது அதுதான், என் சாய்வும் அந்தப் பக்கம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக்சைடை இரண்டு வரியில் முடித்துவிடலாம். எடையில் 60 சதவீதம் மெக்னீசியமே என்பதால் மாத்திரை சிறியது, விலையும் மூன்றில் குறைவு. ஆனால் தண்ணீரில் கரையாது. அரை டம்ளர் தண்ணீரில் அந்தப் பொடியைக் கலக்கிவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள், சுண்ணாம்பு போல அடியில் படிந்திருக்கும். வயிற்று அமிலம்தான் அதைக் கரைத்தாக வேண்டும். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். (அந்த மாத்திரைகளை நெடுநாள் எடுத்தால் ரத்தத்தில் மெக்னீசியமே குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் எச்சரித்தது.) நெஞ்செரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் ஆக்சைடு நல்ல மருந்து. தினசரித் தேவைக்கு அதை நம்பி வாங்குவது லேபிளில் உள்ள பெரிய எண்ணுக்குக் காசு கொடுப்பதுதான்.

உண்மையான போட்டி சிட்ரேட்டுக்கும் கிளைசினேட்டுக்கும் இடையில். இரண்டுமே நன்றாக உறிஞ்சப்படுபவை. விளம்பரங்கள் இந்த உறிஞ்சும் சதவீதத்தைத்தான் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன. நான் பார்ப்பது வேறு: உறிஞ்சப்படாமல் மீந்த பங்கு குடலில் என்ன செய்கிறது?

குடல் மெக்னீசியத்தை இரண்டு வழியில் வாங்கிக்கொள்கிறது. ஒன்று, செல்களின் இடுக்கு வழியே தானாக ஊடுருவுவது. மற்றது, செல்லே கதவு திறந்து உள்ளே இழுப்பது. இந்த இரண்டாவது வழி சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் ஒரே வேளையில் எவ்வளவு கூடுதலாகப் போடுகிறோமோ அவ்வளவுக்கு உள்ளே போகும் விகிதம் குறைகிறது. 1991-ல் வந்த ஓர் ஆய்வில், சுமார் 36 மி.கி. கொடுத்தபோது 65 சதவீதம் உறிஞ்சப்பட்டது, 970 மி.கி. அளவில் கொடுத்தபோது 11 சதவீதம்தான். மீதி பெருங்குடல்வரை போய்த் தன்னோடு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வயிறு இளகுவது அதனால்தான். மெக்னீசியம் எடுப்பவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சிட்ரேட் இந்த விஷயத்தில் கொஞ்சம் முரட்டுத்தனமானது. பெருங்குடல் பரிசோதனைக்கு முன் குடலைக் காலி செய்யக் கொடுப்பதும் இதே சிட்ரேட்தான், அளவு மட்டும் மிக அதிகம். 100 மி.கி. மெக்னீசியம் கிடைக்கும் அளவு சிட்ரேட் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. 300 மி.கி.யை ஒரே வேளையில், அதுவும் வெறும் வயிற்றில் போட்டால் பலருக்கு வேலையைக் காட்டிவிடும். கிளைசினேட்டில் ஒவ்வொரு மெக்னீசியமும் இரண்டு கிளைசின் அமினோ அமிலங்களோடு பிணைந்திருக்கிறது. அதே அளவில் இது வயிற்றைக் கலக்குவது குறைவு. அதில் ஒரு பகுதி உடையாமல் முழுசாகவே உள்ளே போகிறது என்று 1994-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அது குடலின் ஒரு பகுதி அகற்றப்பட்ட சிலரிடம் செய்த சிறிய ஆய்வு. அதை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் இது பல மடங்கு உறிஞ்சப்படும் என்று சொல்வது அதிகப்படி. மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய ஒன்றில், வயிறு ஒத்துழைக்கிறதா என்பதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

கிளைசினேட்டில் ஏமாறும் இடம் லேபிள். அதன் எடையில் மெக்னீசியம் 14 சதவீதம்தான் (சிட்ரேட்டில் சுமார் 16). '500 மி.கி. மெக்னீசியம் கிளைசினேட்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் கைக்கு வருவது 70 மி.கி. பின்பக்க அட்டவணையில் மெக்னீசியத்துக்கு நேரே உள்ள எண்தான் கணக்கு. அது ஒரு கேப்சூலுக்கா, ஒரு வேளைக்கு என்று அவர்கள் வைத்திருக்கும் மூன்று கேப்சூலுக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. வழக்கமாக விற்பதில் பெரிய கேப்சூலான இரட்டைப் பூஜ்ய அளவிலேயே சுமார் 700 முதல் 900 மி.கி. பொடிதான் அடங்கும். கலப்பில்லாத கிளைசினேட்டை நிரப்பினால் கிடைக்கும் மெக்னீசியம் 100 முதல் 125 மி.கி. ஒரே கேப்சூலில் 200 மி.கி. மெக்னீசியம், அதுவும் கிளைசினேட் என்று போட்டிருந்தால், உள்ளே ஆக்சைடு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 'பஃபர்டு' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதே கதைதான். சேர்மானப் பட்டியலில் ஆக்சைடு தனியாக வருகிறதா என்று பாருங்கள். கிளைசினேட் எடுத்தும் வயிறு கலங்குகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எவ்வளவு எடுப்பது? அமெரிக்கப் பரிந்துரைப்படி வயதுவந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 400–420 மி.கி., பெண்களுக்கு 310–320 மி.கி., உணவில் வருவதையும் சேர்த்து. மாத்திரையில் மட்டும் 350 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வரம்பு, ஐரோப்பிய வரம்பு 250. பருப்பு, கீரை, கொட்டை வகைகள் ஓரளவு சாப்பிடுபவருக்கு 100–200 மி.கி. போதும். ஒரு வாரம் இரவு உணவோடு 100, ஒத்துக்கொண்டால் காலை உணவோடு இன்னொரு 100. ஒரே வேளையில் 200 போடுவதைவிட இப்படிப் பிரிப்பது ஏன் மேல் என்பது மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அவர்கள் காலை வேளையை விட்டுவிட்டு மதியமும் இரவும் எடுப்பது சுலபம். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோடு மெக்னீசியம் ஒட்டிக்கொண்டு மருந்தையே உறிஞ்சவிடாமல் செய்துவிடும். மருந்தை மெக்னீசியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுக்கலாம். சிகிச்சை ஒரு வாரம்தான் என்றால் அதுவரை மெக்னீசியத்தையே நிறுத்திவைப்பது இன்னும் எளிது. சிறுநீரகம் பழுதானவர்கள் எந்த உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மிகுதியை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது முடியாதபோது ரத்த அழுத்தம் இறங்கி, தசை தளர்ந்து, இதயத் துடிப்புவரை பாதிக்கும்.

பலன் விஷயத்தில் கொஞ்சம் அடக்கியே பேச வேண்டும். வயதானவர்களின் கெண்டைக்கால் பிடிப்புக்கு இது குறிப்பிடும்படி உதவ வாய்ப்பில்லை என்று 2020-ன் காக்ரேன் அலசல் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு அது) சொல்லிவிட்டது. ரத்த அழுத்தம் குறைந்தாலும் ஓரிரு புள்ளிதான். தூக்கத்துக்கான ஆதாரம் மெலிது. கிளைசினேட்டையே எல்லோரும் தூக்கத்தோடு சேர்த்துப் பேசுவதில் கிளைசினுக்கும் பங்கிருக்கலாம். ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துப் போதுமா போதாதா என்று முடிவுகட்டவும் முடியாது. உடலில் உள்ள சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது.

மூளைக்கு என்று விற்கும் இன்னொரு மெக்னீசியம் உப்பான த்ரியோனேட்டில் இரண்டு கிராம் விழுங்கினால் சுமார் 144 மி.கி. மெக்னீசியம் வரும். அதன் புகழ் 2010-ல் வந்த எலி ஆய்விலிருந்து கிளம்பியது. அன்றாடக் குறையை நிரப்ப அது வீண் செலவு.

சிட்ரேட்டே மேல் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அதன் குறையே குணமாகிவிடும். சிறுநீரில் சிட்ரேட் குறைந்து கால்சியம் கற்கள் உருவாகும் உடம்புக்காரர்களுக்கும் அது பொருத்தம், இதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். கேப்சூல் விழுங்க முடியாதவர்களுக்குப் பொடியாகவும் கிடைக்கிறது. அந்தப் பொடிகள் பலவற்றில் இருப்பது மெக்னீசியம் கார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும்தான், தண்ணீர் பட்டால்தான் சிட்ரேட்டாக மாறும். கொஞ்சம் வெந்நீரில் கலந்து, பொங்கி அடங்கித் தெளியும்வரை காத்திருந்து, பிறகு தண்ணீர் சேர்த்துக் குடிக்க வேண்டும். நுரையோடு அவசரமாகக் குடித்தால் வயிறு உப்பும்.